எம்.சி.யைக் காரணம் காட்டி மறுக்கப்படும் நோட்டீஸ் சம்பளம்: கேட்டு வாங்கும் வழி

வேலை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது எச்.ஆர். மேசையில் அடிக்கடி காதில் விழும் வசனம்: "நீங்க எம்.சி.யில இருந்தீங்க, நோட்டீஸ் முழுசா ஓடல, அதனால அந்தக் காசு கிடையாது." எம்.சி. என்பது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு. நோட்டீஸ் என்பது வேலையை முடிக்கும் முன் ஒரு தரப்பு மற்றதற்குத் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம். சில நிறுவனங்கள் மறுப்பதோடு நிற்பதில்லை. கடைசிச் சம்பளத்திலிருந்தே ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கையில் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மலேசியத் தீபகற்பத்தில் இதற்கான சட்டம் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், அதாவது அக்தா கெர்ஜா. 1.1.2023 முதல் சம்பளம் எவ்வளவு என்ற வரம்பில்லாமல் தனியார் துறையில் எல்லா ஊழியர்களுக்கும் அது பொருந்துகிறது. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓவர்டைம், பணிநீக்க இழப்பீடு போன்ற சில பிரிவுகள் மட்டும் இல்லை. நோட்டீஸ் பற்றிய 12, 13ஆம் பிரிவுகளும் மருத்துவ விடுப்பு பற்றிய 60எஃப் பிரிவும் அவர்களுக்கும் உண்டு. "நீ எக்சிகியூட்டிவ், உனக்கு லேபர் சட்டம் கிடையாது" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் நோட்டீஸ் விதி வேறு: 14 நாள்.

முதலில், வேலையை முடித்தது யார்?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. மூன்று நிலைமைகள் உண்டு.

நிறுவனம் உங்களை நிறுத்தியிருந்தால், அது முறைப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அந்தக் காலம் முழுக்கச் சம்பளம் தர வேண்டும். அல்லது நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு ஈடான தொகையைத் தந்து உடனே அனுப்பலாம். நீங்கள் எம்.சி.யில் இருந்தபோது கடிதம் வந்தது என்பது இந்தத் தொகையைக் குறைக்காது.

நீங்களே விலகல் கடிதம் கொடுத்து, நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்புக்கு முடியாமல் போயிருந்தால், எம்.சி. நாட்கள் நோட்டீஸுக்குள்ளேயே கழிகின்றன. எம்.சி. எடுத்த அளவுக்கு நோட்டீஸ் நீளும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. விடுப்புத் தகுதி மீதமிருக்கும் வரை அந்த நாட்களுக்குச் சம்பளமும் உண்டு. "நோட்டீஸ் காலத்தில் எந்த லீவும் செல்லாது" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது சட்டம் தரும் மருத்துவ விடுப்பைப் பறிக்காது. சட்டத்தைவிடக் குறைவான சலுகை தரும் விதி செல்லாது என்று 7ஆம் பிரிவு சொல்கிறது. தகுதி தீர்ந்த பிறகு எடுத்த நாட்களுக்கு மட்டும் சம்பளம் கேட்க முடியாது. அதை ஒப்புக்கொண்டு கணக்குப் போடுவதே நல்லது, கூட்டிக் கேட்டால் மற்றதன் மீதும் சந்தேகம் விழும்.

இதே நிலைமையில் இன்னொரு கிளை உண்டு. நீங்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தீர்கள், எம்.சி. முடிந்து வந்ததும் மேலாளர் "இனி வர வேண்டாம், இன்றோடு போதும்" என்கிறார். இங்கே நோட்டீஸை வெட்டியது நிறுவனம். மிச்ச நாட்களுக்கான தொகையை அது தர வேண்டும். ஆனால் அதற்கு முன்பே நீங்கள் வாட்ஸ்அப்பில் "பாஸ், கொஞ்சம் சீக்கிரம் விட முடியுமா?" என்று கேட்டிருந்தால், இரு தரப்பும் சம்மதித்து நோட்டீஸை விட்டுக்கொடுத்ததாக அது மாறிவிடும். சட்டமே அப்படி விட்டுக்கொடுக்க அனுமதிக்கிறது. மரியாதைக்கு அனுப்பிய அந்த ஒரு வரி பல வழக்குகளை முடித்திருக்கிறது. வாயால் "போகலாம்" என்று சொன்னால் அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று முதல் வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் வரவில்லை. நோட்டீஸ் முடியும் வரை வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." இரண்டே வாக்கியம்.

மூன்றாவது நிலைமைதான் சிக்கலானது: நீங்கள் எம்.சி.யில் இருந்ததாக நினைக்கிறீர்கள், நிறுவனமோ "சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தீர்கள், ஒப்பந்தத்தை நீங்களே முறித்தீர்கள்" என்று கடிதம் அனுப்புகிறது. 15(2) பிரிவின்படி, தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் முன் அனுமதி இல்லாமல் வராதவர், தகுந்த காரணம் இருந்து அதைத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்திருந்தால் ஒழிய, ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். நிறுவனம் இதில் வென்றால் நோட்டீஸ் சம்பளம் இல்லை. மேலும் உங்களிடமிருந்தே நோட்டீஸ் தொகையைப் பிடிக்கவும் முனையும்.

48 மணி நேரம்

எம்.சி. சீட்டு கையில் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 60எஃப் பிரிவின்படி விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் டாக்டர் சீட்டு உண்மையானதாக இருந்தாலும் அனுமதியும் காரணமும் இல்லாமல் வராதவர் என்ற கணக்கில்தான் வருவீர்கள்.

ஆகவே தேட வேண்டிய முதல் ஆதாரம், எம்.சி.யைப் படம் பிடித்து அனுப்பிய செய்தி. யாருக்கு அனுப்பினீர்கள், எத்தனை மணிக்கு, நீல டிக் விழுந்ததா எல்லாம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். சூப்பர்வைசர் ஃபோனை எடுக்கவில்லையென்றால் அழைப்புப் பட்டியலைப் படமெடுங்கள். சட்டம் முயற்சியையும் ஏற்கிறது. சகத் தொழிலாளியிடம் "சொல்லிடுங்க அண்ணே" என்று விட்டது பலவீனமான ஆதாரம். அந்த அண்ணன் இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறார் என்றால் சாட்சிக்கு வரத் தயங்குவார். கம்பெனி குரூப்பிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் பழைய செய்திகளைத் தேடி எடுப்பதே பெரும் பாடு. வேலை போகிறது என்று வாடை அடிக்கும்போதே உரையாடலை மின்னஞ்சலுக்கு ஏற்றுமதி செய்து வையுங்கள்.

சீட்டு யாரிடமிருந்து என்பதும் முக்கியம். நிறுவனத்துக்குப் பேனல் கிளினிக், அதாவது அது நியமித்த கிளினிக், இருந்தால் அங்கே போக வேண்டும். நோயின் தன்மையால் அல்லது சூழ்நிலையால் நியாயமான நேரத்திலோ தூரத்திலோ பேனல் டாக்டர் கிடைக்கவில்லை என்றால்தான் வேறு பதிவு பெற்ற டாக்டர். இரவு பத்து மணிக்கு பேனல் மூடியிருந்து அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனீர்கள் என்றால் நேரம் அச்சடித்த பதிவுச் சீட்டை வைத்திருங்கள். சித்த வைத்தியர், ஆயுர்வேத நிலையம் தரும் ஓய்வுக் கடிதம் இங்கே எடுபடாது.

சம்பளத்தோடு எத்தனை நாள்? இரண்டு ஆண்டுக்குக் குறைவான வேலைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்துக்குள் 18, ஐந்தும் அதற்கு மேலும் 22. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் தனியாக 60 நாள். 2023க்கு முன்பு எல்லாம் சேர்த்தே 60. சில பழைய கையேடுகளில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

எத்தனை வார நோட்டீஸ்

ஆஃபர் லெட்டரைப் பாருங்கள். அதில் எழுதியிருப்பதுதான் காலம், இரு தரப்புக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் சட்டம் குறிக்கும் குறைந்த அளவு: இரண்டு ஆண்டுக்குக் குறைவான வேலைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்து ஆண்டும் மேலும் 8 வாரம். ஆட்குறைப்பு, கடை மூடல் போன்ற காரணத்துக்காக நிறுத்தினால், கடிதத்தில் குறைவாக எழுதியிருந்தாலும் இந்த அளவுக்குக் குறையக்கூடாது. நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுத்த நாளும் கணக்கில் சேரும்.

கணக்கை நீங்களே போடுங்கள்

எச்.ஆர். தரும் எண்ணை நம்பி வழக்குப் போடாதீர்கள். சட்டம் சொல்லும் "சம்பளம்" அடிப்படைச் சம்பளம் மட்டுமல்ல. வேலைக்காக ரொக்கமாகத் தரும் நிரந்தர அலவன்ஸும் சேரும். பயணப்படி, ஆண்டு போனஸ், முதலாளி கட்டும் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) சந்தா சேராது.

ஓர் எடுத்துக்காட்டு. அடிப்படை 2,400 ரிங்கிட், நிரந்தர ஷிஃப்ட் அலவன்ஸ் 200, மொத்தம் 2,600. மூன்று ஆண்டு வேலை. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி ஒன்றும் இல்லை, ஆகவே 6 வாரம், 42 நாள். மார்ச் 3 முதல் 7 வரை எம்.சி. 10ஆம் தேதி காலை வேலைக்கு வந்ததும் கடிதம், அன்றே வெளியே.

மார்ச் 1 முதல் 9 வரை சம்பளம்: 2,600 ஐ 31 ஆல் வகுத்து 9 ஆல் பெருக்கினால் 754.84 ரிங்கிட். எம்.சி. நாட்களும் இதற்குள் அடக்கம், தனியாகக் கழிக்கக்கூடாது.

நோட்டீஸ் தொகை: மார்ச் 10 முதல் ஏப்ரல் 20 வரை 42 நாள். மார்ச்சில் 22 நாள் என்றால் 1,845.16, ஏப்ரலில் 20 நாளுக்கு, 30 ஆல் வகுத்தால், 1,733.33. கூட்டினால் 3,578.49.

எடுக்காத ஆண்டு விடுப்பு: மூன்று ஆண்டு வேலைக்கு ஆண்டுக்கு 12 நாள். விடுப்பு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது என்று வைத்தால் முழுதாக முடிந்த இரண்டு மாதங்களுக்கு 2 நாள். இங்கே வகுக்கும் எண் 26: ஒரு நாளுக்கு 100, ஆக 200 ரிங்கிட்.

மொத்தம் 4,533.33. அரைகுறை மாதச் சம்பளத்துக்கு அந்த மாதத்தின் நாட்கள், விடுப்புக்கு 26 என்ற இந்த வேறுபாட்டில்தான் இரு தரப்பும் அதிகம் தடுக்கி விழுகின்றன.

இதற்கு மேல், 12 மாதமாவது வேலை செய்தவரை, ஒழுங்கு நடவடிக்கையோ சொந்த விலகலோ ஓய்வோ இல்லாமல் நிறுவனம் நிறுத்தினால், 4,000 ரிங்கிட் வரை வாங்குபவருக்கு 1980ஆம் ஆண்டு விதிகளின்படி பணிநீக்க இழப்பீடு தனியாக உண்டு: இரண்டு ஆண்டுக்குக் குறைந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்துக்குள் 15, அதற்கு மேல் 20. நோட்டீஸ் பணத்தைக் கொடுத்துவிட்டு "எல்லாம் செட்டில்" என்று சொல்லி இதை மறைப்பது சாதாரணம்.

நிறுவனம் நோட்டீஸ் இல்லாமல் நிறுத்தினால், சம்பளமும் நோட்டீஸ் தொகையும் அன்றைய தினமே தர வேண்டும். "அடுத்த மாதச் சம்பளத் தேதியில் பார்க்கலாம்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. ஒரு விதிவிலக்கு: மலேசியாவை விட்டுப் போகும் வெளிநாட்டு ஊழியர் விஷயத்தில் நிறுவனம் சி.பி.21 பாரத்தை வருமான வரி இலாகாவுக்கு அனுப்பிவிட்டு, வரி தீரும் வரை அல்லது 90 நாள் வரை பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். அப்படிச் சொன்னால் பாரம் அனுப்பிய தேதியைக் கேளுங்கள்.

கையெழுத்து, "நீயே எழுதிக் கொடு"

மருத்துவ விடுப்பு முடிந்து வந்தவரிடம் "ரிசைன் லெட்டர் நீயே எழுதிக் கொடு, ரெக்கார்ட் சுத்தமா இருக்கும், நோட்டீஸ் காசு தர்றோம்" என்பது பழைய தந்திரம். எழுதிக் கொடுத்த நிமிடத்திலேயே நோட்டீஸ் கடமை உங்கள் பக்கம் திரும்புகிறது. பணிநீக்க இழப்பீடு போகிறது, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலை காப்புறுதிப் பணம் போகிறது, நியாயமற்ற நீக்கம் என்று கேட்கும் வழியும் மங்கிவிடுகிறது. நிறுவனத்தின் ரெக்கார்டுக்காக நீங்கள் இத்தனையும் இழக்க வேண்டியதில்லை. நிறுத்துவதானால் அவர்களே எழுதித் தரட்டும்.

முழுக் கணக்கும் தீர்ந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட்டால்தான் மிச்சச் சம்பளம் என்றால், பணம் அவசரமாக இருந்தால், கையெழுத்துக்கு மேலே "Diterima dengan bantahan (டித்ரிமா டெங்ஙான் பந்தாஹான்)", அதாவது ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன் என்று பேனாவால் எழுதி, படம் எடுத்த பிறகு கொடுங்கள். சீருடை, சாவி, பயிற்சிச் செலவு என்று நினைத்ததையெல்லாம் பிடிக்க முடியாது. எதைப் பிடிக்கலாம் என்று 24ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. கொடுத்த முன்பணமும், நீங்கள் நோட்டீஸ் இல்லாமல் போயிருந்தால் அதற்கான தொகையும் அதில் உண்டு.

கோரிக்கைக் கடிதம்

தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் முன் ஒரு கடிதம் அனுப்புவது கட்டாயம் இல்லை, ஆனால் பல விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடும். மலாயில் ஒரே பக்கம் எழுதுங்கள்: பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட் எண், வேலையில் சேர்ந்த தேதி, எம்.சி. தேதிகளும் தெரிவித்த நேரமும், கடைசி நாள், மேலே போட்ட கணக்கு வரிவரியாக, பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு, ஏழு நாள் கெடு. கெடு தாண்டினால் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவில், அதாவது தொழிலாளர் இலாகாவில், புகார் செய்வேன் என்ற ஒரு வரி. கோபம், நன்றி மறந்தார்கள், பிள்ளை பள்ளிக்கட்டணம் எதுவும் வேண்டாம். போஸ் லாஜு விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

கடிதத்தில் நிறுவனத்தின் பெயர் சரியாக இருக்க வேண்டும். பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வாசலில் தொங்கும் பெயர் ஒன்று, சம்பளம் போடும் மேன்பவர் ஏஜென்சி இன்னொன்று என்பது சகஜம். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, கே.டபிள்யூ.எஸ்.பி. அறிக்கை மூன்றிலும் யார் பெயர் இருக்கிறதோ அவரே முதலாளி. பதிவு முகவரி தெரியாவிட்டால் எஸ்.எஸ்.எம். (நிறுவனப் பதிவு ஆணையம்) இணையச் சேவையில் சிறு கட்டணம் கட்டி எடுக்கலாம். தவறான நிறுவனத்தின் மீது புகார் போட்டால் சம்மன் போய்ச் சேராமல் மாதங்கள் ஓடும்.

தொழிலாளர் இலாகாவில்

புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நீங்கள் வேலை செய்த இடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போங்கள், தலைமையகம் எங்கே என்பதைப் பார்க்க வேண்டாம். பினாங்கில் தீவுப் பக்கமும் செபராங் பிறைப் பக்கமும் அலுவலகங்கள் உண்டு. நேரில் போக முடியாதவர்கள் 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலியில் புகாரைத் தொடங்கலாம். பண வழக்கென்றால் எப்படியும் நேரில் போக வேண்டிவரும், ஆகவே முடிந்தால் முதலிலேயே ஃபைலோடு போய்விடுவது மேல்.

ஃபைலில் மேலே ஒரே தாளில் தேதிப்பட்டியல். அதன் கீழே ஆஃபர் லெட்டர், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, எம்.சி. சீட்டுகள், அவற்றை அனுப்பியதற்கான ஸ்க்ரீன்ஷாட்டுகள், நிறுத்தல் அல்லது விலகல் கடிதம், கோரிக்கைக் கடிதமும் ரசீதும். மூன்று செட் நகல். ஃபோனில் காட்டுகிறேன் என்றால் அதிகாரி தலையாட்டுவார், ஃபைலில் ஒன்றும் ஏறாது. சம்பளச் சீட்டே தராத முதலாளி என்றால் கவலைப்படாதீர்கள். ஊழியர் பதிவேட்டை ஆறு ஆண்டு வைத்திருப்பது அவர் கடமை.

பேச்சில் தீராவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்தில் விசாரணை. அதை நடத்துவது இலாகா அதிகாரிதான், கறுப்புக் கோட்டு நீதிபதி அல்ல. சத்தியப் பிரமாணம் எடுத்து நீங்கள் பேச வேண்டும், எதிர்த்தரப்பு குறுக்குக் கேள்வி கேட்கும். மலாயில் பேசத் தயக்கம் என்றால் தேதி குறிக்கும் நாளிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொல்லுங்கள். முதலாளி வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லலாம். நீங்கள் வராவிட்டால் புகார் தள்ளுபடியாகும். புது வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று ஒரு தேதியைக் கோட்டைவிட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

அந்த மேசையில் வரும் சமரசத் தொகையை உடனே உதறவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். எம்.சி. தெரிவித்த ஆதாரம் கெட்டியாக இருந்தால் முழுத் தொகையில் நில்லுங்கள். அது ஓட்டையாக இருந்தால் பாதிக்கு மேல் வருவதை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். சமரசம் செய்தால் தொகை, தேதி, கணக்கு எண் மூன்றும் எழுத்தில் பதிய வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் 60 நாட்கள்

ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் நீக்கியிருந்தால், முறையான விசாரணை இல்லாமல் செய்தது செல்லாது என்று தொழிலாளர் இலாகாவில் கேட்டு நோட்டீஸ் தொகை வாங்கலாம், ஆனால் முடிவைச் சொன்ன நாளிலிருந்து 60 நாளுக்குள் புகார் இருக்க வேண்டும். வேலையே திரும்ப வேண்டும் என்றால் அது தொழில் உறவு இலாகா, 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. அதற்கும் நீக்கிய நாளிலிருந்து 60 நாள். சொக்சோ வேலை காப்புறுதிக்கும் வேலை போன நாளிலிருந்து 60 நாள்.

ஒரே விவகாரம் தொழில் உறவு இலாகாவிலோ தொழில்துறை நீதிமன்றத்திலோ நிலுவையில் இருக்கும்போது தொழிலாளர் இலாகா அதைத் தொடாது. ஆகவே இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டும் முன் எது வேண்டும் என்று முடிவெடுங்கள். நோட்டீஸ் பணம் மட்டும் போதும் என்றால் தொழிலாளர் இலாகா குறுகிய வழி. நீண்ட நாள் வேலை செய்தவரை நோயைக் காரணம் காட்டித் தூக்கியிருந்தால் 20ஆம் பிரிவு பெரிய தொகையில் முடியலாம், காத்திருப்பும் பெரிது. இந்த முடிவுக்கு மட்டும் ஒரு வக்கீலிடமோ, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்திலோ கேட்பது நல்லது.

தீர்ப்பு வந்தும் பணம் வராவிட்டால்

தீர்ப்பு நாளிலிருந்து 31ஆவது நாள் தொடங்கி ஆண்டுக்கு 8 விழுக்காடு வரை வட்டி ஓடும். உத்தரவை மதிக்காதது குற்றம், அபராதம் 50,000 ரிங்கிட் வரை. ஆனால் அந்த அபராதம் அரசுக்குத்தான் போகும், உங்கள் பைக்கு வராது. பணம் வர, உத்தரவின் சான்றிட்ட நகலை செஷன்ஸ் அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பதிவு செய்யச் சொல்லி இலாகா அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். பதிவான பிறகு அது நீதிமன்றத் தீர்ப்புப்போல் அமலாகும், சொத்து ஜப்திக்கும் வழி உண்டு. நிறுவனத்தின் வங்கி எது என்பது உங்கள் பழைய வங்கி அறிக்கையிலேயே தெரியலாம். அதை அதிகாரியிடம் கொடுங்கள். நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டால் கோரிக்கையைக் கலைப்பாளரிடம் பதிய வேண்டும். சம்பளப் பாக்கிக்கு அங்கே பெரும்பாலான மற்ற கடன்காரர்களைவிட முன்னுரிமை உண்டு, ஆனால் பதியாதவருக்கு ஒன்றும் வராது.

தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்களும் இதே அலுவலகத்தில் புகார் செய்யலாம். பெர்மிட் முடியும் நாள் நெருங்கினால், வழக்கு நிலுவையில் இருப்பதாக இலாகாவிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பெர்மிட் காலாவதியாகும் முன்பே இமிகிரேஷனில் பாஸ் காஸுக்கு, அதாவது தற்காலிகமாகத் தங்கும் சிறப்பு அனுமதிக்கு, மனுப்போடுங்கள்.